பெற்றோல் பைக் வேலை பழகினவர் கரண்ட் ரேஸ் காருக்குப் போகலாமா?

களுவாஞ்சிகுடியில பைக் கராஜ் ஒண்டில மூணு வருசமா வேலை செய்யிற தம்பி ஒராள் கேட்டிருக்கார்: ரேஸ் டீம்ல மெக்கானிக்கா சேரணும் எண்டு ஆசை, ஆனா இனி ஃபோர்முலா ஈ மாதிரி கரண்ட் கார்தான் எண்டா நான் பழகின வேலையெல்லாம் வீணா, இப்பவே விட்டுட்டு வேற படிக்கவா எண்டு.

விடாதீங்க தம்பி. கார்புரேட்டர் டியூனிங் அங்க தேவைப்படாதுதான், ஆனா டயர், சஸ்பென்ஷன், அலைன்மென்ட், பெயரிங் எல்லாம் அதே வேலைதான். 2014ல பெய்ஜிங்கில ஃபோர்முலா ஈ முதல் ரேஸ் ஓடின காரப் பாருங்க, சேசி டல்லாரா, மோட்டர் மக்லேரன், பற்றரி வில்லியம்ஸ், எல்லாம் பெற்றோல் ரேஸ்ல ஊறின ஆக்கள். முதல் சாம்பியன் நெல்சன் பிக்கே ஜூனியரும் ஃபோர்முலா ஒன் ஓடிட்டு வந்தவர்தான்.

நீங்க புதுசா விளங்க வேண்டியது பிரேக். கல்லடிப் பாலத்தால வரக்குள்ள முன்னுக்கு பஸ் நிண்டா பிரேக்க அமத்துவீங்க, ஓடி வந்த வேகமெல்லாம் ட்ரம்ல சூடாகிப் போயிரும், கராஜ்ல எத்தின தரம் கை சுட்டிருக்கும். கரண்ட் கார்ல அந்த நேரம் மோட்டர் டைனமோ மாதிரி வேலை செய்யும், சூடாப் போறது கரண்டாகி பற்றரிக்குத் திரும்பும். ஜென் 3 எண்ட மூண்டாந் தலைமுறை ஃபோர்முலா ஈ கார்ல முன்னுக்கு 250, பின்னுக்கு 350, மொத்தம் 600 கிலோவாட் வரைக்கும் இப்பிடி எடுக்கலாம், ரேஸ்ல செலவாகிற சக்தியில 40 வீதத்துக்கு மேல இதாலதான் வருது. முதல் நாலு சீசனும் பற்றரி காணாம டிரைவர்மார் நடு ரேஸ்ல மத்தக் காருக்கு ஓடி ஏறினவங்க, அங்க இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கு எண்டா எனக்கு இப்பவும் புல்லரிக்கும். ஃபோர்முலா ஒன்னும் இந்தப் பக்கம்தான் வருது, பெற்றோல் எஞ்சினோட சேர்ந்து ஓடுற மின் மோட்டர் 120 கிலோவாட்டா இருந்தது, 2026ல 350 ஆகிட்டு.

இதப் பழக வெளிநாடு போகத் தேவல்ல. நம்மட ரோட்டுல ஓடுற ப்ரியஸ், அக்வாவுக்குள்ளயும் இதே வேலைதான் நடக்குது, பெற்றோலும் கரண்டும் சேர்ந்து ஓடுற இந்த ஹைப்ரிட் கார் பாக்கிற கராஜ் ஒண்டில சனி ஞாயிறு போய் நில்லுங்க, மறுகா என்விகியூ எண்ட தொழில் தகைமைப் படிப்பில ஓட்டோ எலக்ட்ரிக்கல் பக்கமும் செய்யுங்க.

ஒண்டு மட்டும் கவனம். ஒரேஞ்ச் கலர் வயர் எண்டா ஹை வோல்டேஜ். முதல்ல 1000 வோல்ட் தாங்கிற ரப்பர் கையுறையப் போட்டு, ஹை வோல்டேஜ் பற்றரியத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கக் கழட்டி, பத்து நிமிசமாவது பொறுக்கணும், கெப்பாசிட்டருக்குள்ள கரண்ட் நிக்கும், மறுகா கையுறையோடயே மீற்றர் வச்சு சைபர் காட்டுதா எண்டு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.