'நாளைக்கு' என்றான் பார்வோன்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூட்டாகக் கடை நடத்தியபோது பங்காளிக்குத் தெரியாமல் 40,000 ரூபாய் எடுத்துவிட்டேன். ஆண்டவரிடம் அறிக்கை செய்துவிட்டேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா? (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

பதில்: டிசம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும், சகோதரரே? எகிப்தில் அடுப்பிலும் படுக்கையிலும் மாப்பிசைகிற தொட்டியிலும் தவளைகள் ஏறிக் கிடந்தன. அவை எப்போது ஒழிய வேண்டும் என்று எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் மோசே கேட்டார். 'இப்போதே' என்று சொல்லியிருக்கலாம். பார்வோன் சொன்னது 'நாளைக்கு' (யாத்திராகமம் 8:10). தவளைகளோடு இன்னொரு ராத்திரி படுக்க அவன் தயாராக இருந்தான். அவை செத்து, சற்று இலகு உண்டானதும் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான். தள்ளிப்போடுவதில் இதுதான் ஆபத்து. குத்திய மனசாட்சி காத்திருக்கும் நாட்களில் மரத்துப்போகிறது. ரோம ஆளுநர் பேலிக்ஸும் தன்னிடம் கைதியாயிருந்த பவுலின் பேச்சைக் கேட்டு நடுங்கினான்; சமயமானபோது அழைப்பதாகச் சொல்லி அனுப்பினான். பிறகு பலமுறை அழைத்துப் பேசவும் செய்தான், ஆனால் லஞ்சம் கிடைக்குமா என்று பார்த்து. இரண்டு வருஷம் அப்படியே ஓடிப்போனது (அப்போஸ்தலர் 24).

பங்காளியிடம் போகும்போது பணத்தோடு போங்கள். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் கணக்கு முதலும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கும். உங்களுக்கு அது 40,000-உம் 8,000-உம், ஆக 48,000. இது மன்னிப்புக்கு விலை அல்ல. மன்னிப்பு சிலுவையில் இலவசமாகக் கிடைத்தது. அவருடைய பணம் இத்தனை நாள் உங்களிடம் இருந்ததற்கான ஈடு இது. மொத்தமாக முடியாவிட்டால் முதல் தவணையைக் கையில் கொடுத்து, மீதிக்கு மாதமும் தொகையும் எழுதிக் கொடுங்கள்.

பேச்சில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆலய வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்கண்ணே' என்பார்கள். அந்த 'ஏதாவது', அந்த 'இருந்தா' இரண்டும் அறிக்கையை வெறும் உபசாரமாக்கிவிடும். வரி வசூலித்த சகேயுவும் இயேசுவிடம் 'அநியாயமாய் வாங்கினதுண்டானால்' என்றுதானே சொன்னான் என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் அதே மூச்சில் 'நாலத்தனையாக', அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகத் தொகையையும் சொன்னான். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இன்ன மாதத்தில் கல்லாவிலிருந்து 40,000 ரூபாய் உங்களுக்குத் தெரியாமல் எடுத்தேன். அது திருட்டு. மன்னித்துவிடுங்கள்.' 'அப்ப வீட்டுல ரொம்பக் கஷ்டம்' என்று தொடங்காதீர்கள். சவுல் ராஜாவும் தீர்க்கதரிசி சாமுவேலிடம் 'பாவஞ்செய்தேன்' என்றான். உடனே ஜனங்களுக்குப் பயந்ததைக் காரணம் காட்டினான், பிறகு மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலைக் கேட்டான் (1 சாமுவேல் 15:24, 30). பங்காளி கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே மன்னித்தாக வேண்டும் என்று வற்புறுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

கேள்வி: எனக்கு அழுகையே வருவதில்லை. அப்படியானால் என் மனந்திரும்புதல் பொய்யா? (ஒரு சகோதரி, தூத்துக்குடி)

பதில்: கண்ணீரை அளவுகோலாக்காதீர்கள், அம்மா. ஏசா இழந்த ஆசீர்வாதத்தைக் கண்ணீர்விட்டுத் தேடினான், பலனில்லை (எபிரெயர் 12:17). இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பாருங்கள்: மனஸ்தாபப்பட்டான், 'பாவம்செய்தேன்' என்றான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். குற்றத்தை உணர்ந்தான், அறிக்கை செய்தான், பணத்தைக் கொடுத்தான். ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடம், இயேசுவிடம் அல்ல. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர். கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும் படகு வந்து சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தார் (யோவான் 21:7). எபிரெய மொழியில் மனந்திரும்புதலுக்கான சொல்லே 'திரும்பு' என்பதுதான். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அழுகை வரலாம், வராமலும் போகலாம்.

கேள்வி: செய்த பாவங்களை எல்லாம் சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாவம் எத்தனை பேரைத் தொட்டதோ அத்தனை பேரிடம் அறிக்கை போதும். மனதுக்குள் நினைத்த பொறாமையை அந்த ஆளிடமே போய்ச் சொல்லிப் புதுக் காயம் உண்டாக்க வேண்டாம். அது ஆண்டவரிடம் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைப் பற்றிப் பொய் பரப்பியிருந்தால், திருத்தமும் அதே குழுவில்தான் போக வேண்டும்.

கேள்வி: நான் ஏமாற்றியவர் இறந்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

பதில்: எண்ணாகமம் 5:8 இதற்கே எழுதப்பட்டது. வாரிசைத் தேடிக் கொடுங்கள். வாரிசே இல்லையென்றால் அது கர்த்தருக்குப் போகும். காணிக்கைக் கவரில் உங்கள் பெயரை எழுதாமல் போடுங்கள். அந்தப் பணம் உங்களுடையது அல்ல.