1964 கோப்பை பிரவுன்ஸுக்குத்தான், மார்க்கை மாத்தாதீங்க

ப்ரோ, உங்க ஆபீஸ் க்விஸ் சண்டைக்கு வரேன். 1964 என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) சாம்பியன் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ்னு நீங்க போட்ட ஆன்சர்தான் கரெக்ட். அந்த டீம்தான் பால்டிமோர் போயி ரேவன்ஸ் ஆச்சு, அதனால கப்பும் ரேவன்ஸுக்குன்னு க்விஸ்ல எதிர் டீம் சொல்றது பாதிதான் உண்மை. 1995 நவம்பர்ல பிரவுன்ஸ் ஓனர் ஆர்ட் மோடெல் டீமோட பால்டிமோர் போறேன்னு அறிவிச்சாரு, ஊரே கொதிச்சுப் போச்சு, டிசம்பர்ல நடந்த கடைசி ஹோம் மேட்ச்ல ரசிகருங்க சீட்டைப் பேத்து கிரவுண்டுல வீசினாங்க, கேஸும் நடந்துச்சு. கடைசியில வந்த செட்டில்மென்ட்ல பிளேயர்ஸ், ஸ்டாஃப், கான்ட்ராக்ட் எல்லாம் பால்டிமோருக்கு, பேரு, கலர், ரெக்கார்டு மட்டும் கிளீவ்லேண்டுக்கு. அதனால ரேவன்ஸ் லீக் ஏட்டுல 1996ல பொறந்த புது டீம், பிரவுன்ஸ் மூணு வருஷம் சும்மா இருந்துட்டு 1999ல திரும்ப வந்துச்சு.

ஆனா எல்லா டீமுக்கும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. இதே பால்டிமோர்ல இருந்து 1984ல கோல்ட்ஸ் டீம் ராத்திரியோட ராத்திரியா லாரி ஏத்திட்டு இண்டியானாபொலிஸ் போனப்ப சரித்திரத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிட்டாங்க, ஊருக்கு ஒண்ணும் மிஞ்சல (பறிகொடுத்த ஊரே அப்புறம் இன்னொருத்தன் டீமைத் தூக்குனதுதான் கொடுமை). ஊர் மாறி டென்னசி போன ஹூஸ்டன் ஆயிலர்ஸ் ரெக்கார்டும் இன்னிக்கு டென்னசி டைட்டன்ஸ் கணக்குலதான்.

அடுத்த தடவை கேள்வியிலயே "லீக் ரெக்கார்டுப்படி"ன்னு போட்டுடுங்க.