ஆண் இல்லாமலே முட்டையிடும் காக்டெயில்

கேள்வி: ராசிபுரம் அருகே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்காக ஒரு காக்டெயில் (கொண்டை உள்ள சிறிய கிளி இனம்) குஞ்சு வாங்கினோம். ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போன மாதத்திலிருந்து அது முட்டையிடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும் முட்டையை அன்றன்றே எடுத்துவிடுகிறோம். இதுவரை 13 முட்டைகள். கடைசி இரண்டின் ஓடு காகிதம் போல இருந்தது. தீனி, தினையும் சூரியகாந்தி விதையும்தான். பண்ணையில் முட்டைக்கோழிக்குப் போடும் லேயர் தீவனத்தைக் கொடுக்கலாமா? துணைக்கு ஓர் ஆண் பறவை வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஓடு மெலிந்துவிட்டது என்ற செய்தியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உடம்பில் இருந்த சுண்ணாம்புச் சத்து கரைந்துவிட்டது என்று பொருள். ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கவும் அந்தச் சத்து வேண்டும். அது குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, முக்கியும் எதுவும் வராமல் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பறவை தங்காது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். போகும்வரை கூண்டுக்கு வெளியே ஒரு பக்கமாக 40 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டுக் கதகதப்பாக வையுங்கள். சூடு அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். வயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் பிழைப்பது அரிது.

பறவை இப்போது சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது என்றால் நிதானமாகப் பேசலாம்.

ஆண் என்று விற்றதில் வியப்பில்லை. சாதாரணச் சாம்பல் நிறக் காக்டெயில் குஞ்சுகள் எல்லாமே பார்வைக்குப் பெட்டை போலத்தான் இருக்கும். முதல் இறகு உதிர்வு முடிந்த பிறகுதான் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெட்டைக்கு முகம் மங்கலாகவே இருக்கும், வாலின் அடிப்பக்கத்தில் மஞ்சள் வரிகளும் மாறாமல் இருக்கும். இளங்குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் 'ஆண்' என்று அடித்துச் சொல்பவர் விற்பனைக்காகச் சொல்கிறார்.

நீங்கள் லேயர் பண்ணைக்காரர் என்பதால் விஷயத்தைச் சொல்வது எளிது. பண்ணையில் முட்டைக்காக என்னென்ன செய்கிறீர்கள்? விளக்கு போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுகிறீர்கள், குறைவில்லாமல் தீனி வைக்கிறீர்கள், இட்ட முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுகிறீர்கள். அதே மூன்றும் உங்கள் வீட்டுக் கூடத்திலும் நடக்கின்றன. இரவு பத்து, பதினொரு மணிவரை டியூப் லைட்டும் தொலைக்காட்சியும். கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதை எந்நேரமும் கிண்ணத்தில். முட்டையும் அன்றன்றே காலி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில், மழை பெய்து புல் விதை பெருகியதும் மரப்பொந்து தேடி முட்டையிடும் பறவை இது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்புவதற்கு இதற்குமேல் அதற்கு என்ன வேண்டும்?

கோழியின் கணக்கு வேறு. ஆண்டுக்கு 300 முட்டை இடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. காக்டெயில் ஒரு பருவத்துக்கு 4 முதல் 6 முட்டை இட்டு அடையில் உட்காரும். ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள பறவை 5 கிராம் முட்டை இடுகிறது. ஒன்றரைக் கிலோ கோழி 55 கிராம் முட்டை இடுவதைவிட இது பெரிய சுமை. போதிய முட்டை சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால்தான் காக்டெயில் நிறுத்தும். நீங்கள் எடுக்க எடுக்க, அது குறைந்ததை ஈடுகட்டப் பார்க்கிறது.

எனவே இனி முட்டையை எடுக்காதீர்கள். ஆண் இல்லாததால் அவை பொரிக்கப் போவதில்லை. வேண்டுமானால் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள், அழுகாது. மூன்று வாரம் அடைகாத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்துவிடும். அதன்பின் அப்புறப்படுத்துங்கள். அடையில் இருக்கும்போது எச்சத்தை அடக்கிவைத்திருந்து, எழுந்து வந்து பெரிதாக ஒரே குவியலாகப் போடும். அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பயந்து மருந்து கொடுத்துவிட வேண்டாம்.

அடை முடிந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள். மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் கூண்டை ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணியால் மூடுங்கள். காலை வரை 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டு வேண்டும். கும்மிருட்டு மட்டும் கூடாது. பல்லி ஓடினாலும் பூனை கத்தினாலும் காக்டெயில் நள்ளிரவில் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். சிறகு இறகு முறிந்து இரத்தம் வரும். பக்கத்து அறையில் எரியும் ஜீரோ வாட்ஸ் விளக்கின் மங்கல் ஒளி போதும்.

கூண்டில் பெட்டியோ சட்டியோ இருந்தால் எடுத்துவிடுங்கள், கண்ணாடியையும் சேர்த்து. வெளியே விடும்போது சோபாவுக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குள்ளும் நுழைய விடாதீர்கள். அதற்கு அவை மரப்பொந்துகள். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: தலையையும் கொண்டைக்குக் கீழேயும் கோதலாம், முதுகையும் வால்பக்கத்தையும் தடவக் கூடாது. அது ஜோடிப் பறவை செய்யும் வேலை.

இனி தீவனம். லேயர் தீவனம் வேண்டவே வேண்டாம். அதில் மூன்றரை, நான்கு சதவீதம் கால்சியம் இருக்கிறது. முட்டையிடும் காக்டெயிலுக்கே ஒரு சதவீதத்துக்குள் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். அதற்குப் பதிலாகக் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவிடுங்கள். பறவைக் கடைகளில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். தேவையான அளவு அதுவே கொறித்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை, துருவிய கேரட் ஆகியவற்றைத் தினமும் வையுங்கள். மருந்து அடித்த வயலின் கீரையாக இருக்கக் கூடாது. சூரியகாந்தி விதையை நாலைந்தாகக் குறைத்து, தினையோடு பறவைகளுக்கான பெல்லட் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பிடிவாதக்காரப் பறவை, பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாது. சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து, குறைந்தால் பழைய தீனிக்குத் திரும்புங்கள்.

தின்ற கால்சியம் உடலில் ஒட்ட வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு அந்தப் பலன் கிடையாது. காலையில் அரை மணி நேரம் கூண்டை வாசலில் வையுங்கள். பாதிக்கு நிழல் இருக்கட்டும், காக்கையும் பூனையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கட்டும்.

ஏற்காடு போனால் வாங்கி வரும் பட்டர் ஃப்ரூட்டை ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், நஞ்சு. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து கருகினால் வரும் புகை சில நிமிடங்களில் இந்தப் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் அதன் அறைக்கு ஆகாது.

இத்தனையும் செய்து மறுபடி தொடர்ந்து முட்டையிட்டால், முட்டை உற்பத்தியை நிறுத்தும் ஹார்மோன் ஊசி இருக்கிறது. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இப்போதே ஒருமுறை காட்டிக் கால்சியம் மருந்துக்கு அளவு கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண் பறவை இப்போது வேண்டாம். அது வந்தால் முட்டை கூடுமே தவிரக் குறையாது. பெட்டை உடம்பு தேறிய பிறகு துணை வேண்டும் என்று தோன்றினால் இன்னொரு பெட்டையாகப் பாருங்கள். வாங்கும் பறவையை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும். ராணிக்கேட் நோய் கோழிக்கும் வரும், கிளி இனங்களுக்கும் வரும். பண்ணையிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகு கூண்டைத் தொடுங்கள். காக்டெயிலைப் பண்ணைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பண்ணைக்குப் போட்டுக்கொள்ளும் செருப்பும் அங்கேயே இருக்கட்டும்.