பாலைவன சோலார்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

(ராஜஸ்தான் சோலார் பூங்காக்களில் வேலை பார்க்கிற தேவகோட்டைக்காரன். லீவுக்கு வந்திருக்கேன்.)

காரைக்குடி: அண்ணே, வெயில் கூடக்கூட கரண்டும் கூடும்தானே? அதுக்காகத்தானே பாலைவனத்துக்குப் போறாங்க?

வெளிச்சம் வேற, சூடு வேற தம்பி. சூடு பேனலுக்கு எதிரி. அதில் எழுதியிருக்கிற வாட் கணக்கு, பேனலுக்குள்ள கரண்ட் தயாரிக்கிற செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதுக்கு மேல டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறையும். மே மாச மதியம் செல் 65ஐத் தொட்டால் நூற்றுக்குப் பதினாலு போச்சு. அப்படியும் போறது மேகம் குறைவு, சமதளமா நிலம் ஒரே மொத்தமா கிடைக்கும்கிறதாலதான். ராஜஸ்தான் பட்லா பூங்கா சுமார் 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். 2017 ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு இறங்கினது அங்கதான்.

கானாடுகாத்தான்: புழுதியை எப்படிக் கழுவுறாங்க?

கழுவத் தண்ணி ஏது? பல இடங்கள்ல ரோபோ தூரிகை தண்ணியில்லாமலே துடைக்குது.

பள்ளத்தூர்: 20 ஏக்கர் செம்மண் சும்மா கிடக்கு. போடலாமா?

மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் வேணும். முதல்ல பக்கத்து சப்ஸ்டேஷன்ல உங்க கரண்டை வாங்கிக்க இடம் இருக்கான்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கோட்டையூர்: பேட்டரியில சேமிச்சா?

நான் பேட்டரி ஆள் இல்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில், அதான் நம்ம சிக்ரியில, இருக்கிறவங்களைக் கேளுங்க.

தேவகோட்டை ஆசிரியை: வெறும் மணல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

டீச்சர், அங்க 'ஓரண்'னு உண்டு. சாமிக்கு விட்ட காடு, நம்ம கோயில்காடு மாதிரி. மரத்தை வெட்ட மாட்டாங்க, ஆடும் ஒட்டகமும் மேயும். அதுல பலது வருவாய்க் கணக்கில் தரிசு. கணக்கைப் பார்த்து நிலம் ஒதுக்கினா சண்டை வராம என்ன செய்யும்? கானமயில் வேற இருக்கு. கனத்த பறவை, நேர் எதிரே பார்வை மட்டு. மின்கம்பியைப் பார்த்துச் சட்டுனு விலகத் தெரியாது. அது வாழும் பகுதியில கம்பிகளைப் பூமிக்குள்ள போடச் சொல்லி 2021ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2024ல் அதைத் தளர்த்தியது.

காரைக்குடி: ஒரு பறவைக்காக மின்சாரமே வேண்டாமா? கமுதியில 2,500 ஏக்கர்ல 648 மெகாவாட் போட்டாங்களே, கருவைக் காட்டுல யாருக்கு என்ன போச்சு?

மின்சாரம் வேண்டாம்னு எங்க சொன்னேன்? அதுதான் எனக்குச் சோறு. கருவையிலயும் ஆடு மேயுது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவன் இருக்கான். அவன் பேர் பட்டாவில் இருக்காது, அவ்வளவுதான்.

தேவகோட்டை ஆசிரியை: அதைக் கேளுங்க தம்பி!

காரைக்குடி: நிலக்கரிப் புகை பரவாயில்லையா டீச்சர்?

ரெண்டு பேரும் நிறுத்துங்க. புகையும் கெடுதல்தான். அதுக்காக மேய்ச்சக்காரனைக் கேட்காம வேலி போடுறது சரியாகிடாது.

புதுவயல்: வெயில் அதிகமா இருந்தா...

முதல் பதிலைப் பாருங்க.

கண்டனூர்: ஏஜென்ட் ஒருத்தர் நிலத்தை 30 வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார். கையெழுத்துப் போடலாமா?

குத்தகை முடிஞ்சதும் பேனலையும் கான்கிரீட்டையும் யார் செலவில் அள்ளணும்னு பத்திரத்தில் இருக்கா பாருங்க. அப்புறம் எந்த சப்ஸ்டேஷன்னு கேளுங்க. ஊர் பேரைச் சொல்லத் தெரியலைன்னா காபி கொடுத்து அனுப்பிடுங்க.