குரல் கொடுக்க விசா தடையில்லை, செக் கொடுக்கத்தான் தடை

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். கணவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் எச்4. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. பக்கத்து ஊரான ஆலன் மாலில் 2023இல் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து மனசு சரியில்லை. துப்பாக்கிச் சட்டங்களைக் கடுமையாக்கச் சொல்லி மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றத்தில் போய்ப் பேச ஆசை. கிரீன் கார்டுக்கு ஆபத்து என்று கணவர் தடுக்கிறார். தெரிந்தவர் ஒருவர், “ஆளுக்கு ஆயிரம் டாலர் கொடுங்கள், சிட்டிசன் ஒருவர் பெயரில் நன்கொடையாகக் கட்டி, பிரதிநிதியை நேரில் சந்திக்க வைக்கிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பேசுவதற்குத் தாராளமாகப் போங்கள்.

உங்கள் கணவர் பேச்சுக்குப் பயப்படுகிறார், பணத்துக்குப் பயப்படவில்லை. பயப்பட வேண்டியது பணத்துக்குத்தான். சட்டம் வேண்டும் என்று பேசுவது, கடிதம் எழுதுவது, சட்டமன்றக் குழு முன் சாட்சி சொல்வது எதற்கும் குடியுரிமை தேவையில்லை. ஆனால் மத்திய, மாநில, உள்ளூர் தேர்தல் எதுவானாலும், எந்த வேட்பாளருக்கும் வெளிநாட்டவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தற்காலிக விசாவில் இருந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2012இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே தீர்ப்புதான், ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசவோ அதற்காகச் செலவழிக்கவோ இந்தத் தடை பொருந்தாது என்றும் சொல்கிறது.

இதில் ஒரே விலக்கு கிரீன் கார்டு. நம்மவர்கள் தவறாமல் இடறி விழும் இடம் இது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கிரீன் கார்டு என்றால், கிரீன் கார்டு கிடைத்த பிறகு. ஐ-140 அப்ரூவ் ஆனது கிரீன் கார்டு ஆகாது. கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போட்டுக் காத்திருப்பதும் ஆகாது. கையில் இருக்கும் ஈஏடி அட்டை வேலை செய்வதற்கான அனுமதி, அவ்வளவுதான். இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும், வீடு வாங்கியிருந்தாலும், பிள்ளை இங்கே பிறந்திருந்தாலும் கணக்கில் வராது. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த நாளிலிருந்து கொடுக்கலாம், அதற்கு முந்தைய நாள் வரை கூடாது.

அந்தத் தெரிந்தவர் சொல்வது இன்னும் மோசம். உங்கள் பணத்தை இன்னொருவர் பெயரில் கட்டுவது தனிக் குற்றம். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பிரதிநிதியோடு தோளில் கைபோட்டு எடுத்த படத்தைக் காட்டி வசூலிப்பார்கள். விசாரணை என்று வந்தால் போன் எடுக்க மாட்டார்கள், மாட்டிக்கொள்வது விசாவில் இருக்கும் குடும்பம். பிரதிநிதியைச் சந்திக்கக் காசே வேண்டாம். அவர் அலுவலகத்துக்கு போன் செய்து, “உங்கள் தொகுதியில் வசிக்கிறேன்” என்று நேரம் கேளுங்கள்.

இன்னொரு பொறி, கையெழுத்து. கடைவாசலில் மேஜை போட்டு நீட்டும் தாளில் ‘பதிவுபெற்ற வாக்காளர்’ என்றோ ‘அமெரிக்கக் குடிமகன்’ என்றோ இருந்தால் கை வைக்காதீர்கள். மனு என்று நினைத்து வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகும். கிரீன் கார்டுக்கான வாசலே அடைபடும். தெரியாமல் போட்டேன் என்று சொல்லி வெளியே வருவது மிகக் கடினம்.

சரி, ஆஸ்டின் விஷயம். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அடுத்தது 2027 ஜனவரியில். பிரதிநிதிகள் சபைக் குழுவில் பேச, கேபிடல் என்னும் சட்டமன்றக் கட்டடத்துக்குள் இருக்கும் கருவியிலோ அங்குள்ள வைஃபை வழியாகவோ பெயர் பதிய வேண்டும். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். போக முடியாவிட்டால், பிரதிநிதிகள் சபை மசோதா விசாரணைக்கு வரும்போது டெக்சாஸில் வசிப்பவர் இணையத்தில் கருத்து எழுதலாம். எல்லாம் பதிவில் நிற்கும். விசா விண்ணப்பங்களில் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்க்கிறார்கள், அதனால் உண்மையை மட்டும், கோபம் கலக்காமல் எழுதுங்கள். போலீஸ் கலையச் சொல்லும் கூட்டத்தில் நிற்காதீர்கள். கைது மட்டும் ஆகவே கூடாது.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒன்றைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், துப்பாக்கி வாங்கும் வயது. மத்திய சட்டப்படி 18 வயதுப் பையனுக்குக் கடையில் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது, ஏஆர்-15 ரக ரைஃபிளை விற்கலாம். 2022 மே 24 அன்று டெக்சாஸின் உவால்டே ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு 18 வயது, துப்பாக்கிகளைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். அந்த ரக ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக்கும் மசோதா 2023இல் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபையில் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் காலையில் வந்து, இரவு வெகுநேரம் காத்துக்கிடந்துதான் அந்த இரண்டு நிமிடத்தைப் பெற்றார்கள். ஆலன் சம்பவம் நடந்த இரண்டாம் நாள் குழு 8–5 என்று மசோதாவை நிறைவேற்றியது. அப்புறம்? சபையின் பட்டியலில் ஏற்றுவதற்கான கெடு தாண்டிவிட்டது என்று ஓட்டெடுப்பே இல்லாமல் செத்தது. கடிகாரத்தைக் காட்டி ஒரு மசோதாவைக் கொல்வதை நிர்வாகம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். மசோதாக்களை 2026 நவம்பரிலேயே தாக்கல் செய்யத் தொடங்குவார்கள். உங்கள் மாநிலப் பிரதிநிதி, மாநில செனட்டர் இருவருக்கும் அதற்கு முன்பே எழுதுங்கள். வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு மாநில மசோதாக்களில் ஓட்டு இல்லை. கடிதம் ஒரு பக்கம் போதும், ஃபிரிஸ்கோ முகவரியை மேலேயே எழுதுங்கள். விசா விவரம் எழுத வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.