ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் ஃபைல்களை டாக்ஸிஜென் படிக்க மாட்டேன் என்கிறது. சொந்தமாகப் பார்ஸர் எழுதத்தான் வேண்டுமா, ரெகெக்ஸ் போதாதா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பிஎல்சி, அதாவது ஆலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர், செய்யும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். "நானூறு ஃபைல்தானே, ரெண்டு நாள்ல டாக்குமென்டேஷன் எடுத்துடு" என்று மேனேஜர் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்பது பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் மொழி. டாக்ஸிஜென் என்பது புரோகிராமையும் அதில் எழுதிய கமென்ட்டுகளையும் படித்து டாக்குமென்டேஷன் பக்கங்களாக்கும் கருவி. பார்ஸர் மொழியின் இலக்கணப்படி புரோகிராமைப் பிரித்துப் படிக்கும்; ரெகெக்ஸ் எழுத்துகளின் அமைப்பை மட்டும் வைத்துத் தேடும். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பார்ஸர் வேண்டாம். ரெகெக்ஸும் போதாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் ஃபில்டர். டாக்ஸிஜெனின் செட்டிங் ஃபைலில் ஃபில்டர்_பேட்டர்ன்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதில் உங்கள் ஃபைல் வகையையும் ஸ்கிரிப்டின் பெயரையும் கொடுத்தால், அந்த வகை ஃபைல் ஒவ்வொன்றையும் படிக்கும் முன் டாக்ஸிஜென் அந்த ஸ்கிரிப்டை ஓட்டும். ஸ்கிரிப்ட் வெளியே அச்சடிப்பதைத்தான் சோர்ஸ் கோடு என்று எடுத்துக்கொள்ளும். ஆக, உங்கள் மொழியை அதற்குத் தெரிந்த சி++ மாதிரி வேஷம் கட்டி அனுப்பினால் போதும். 1997-லிருந்து வளர்ந்து வரும் கருவி அது. அதன் உள்ளே இருக்கும் ஸ்கேனர் பல ஆயிரம் வரி, அதில் போய்க் கை வைக்காதீர்கள்.

பார்ஸர் செய்து தர ட்ரீ-சிட்டர் இருக்கே, ஏஎன்டிஎல்ஆர் இருக்கே, கிராமர் எழுதாமல் இதெல்லாம் ஒரு வேலையா என்று இந்தப் பதிவின் கமென்ட்டில் நாலு பேர் வருவார்கள். வாருங்கள். எனக்கும் அதெல்லாம் தெரியும். ஆனால் நமக்கு வேண்டியது பிளாக்கின் (ஒரு வேலைக்கான புரோகிராம் துண்டு) பெயர், உள்ளே போகும் வெளியே வரும் மாறிகள், அவற்றின் மேல் எழுதிய கமென்ட், அவ்வளவுதான். பிளாக்கின் வயிற்றுக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்று டாக்குமென்டேஷனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இனி என் கதை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை இதற்கெல்லாம் கன்ட்ரோலர் செய்யும் சின்னக் கம்பெனி. நான் எழுதிய முதல் ஃபில்டர் பைத்தானில் அறுபது வரி, எல்லாம் ரெகெக்ஸ். (* *) கமென்ட்டை /** */ ஆக்கும். ஃபங்ஷன் பிளாக்கை கிளாஸ் ஆக்கும். மாறியின் பெயர் முன்னால், டைப் பின்னால் இருப்பதைத் திருப்பிப் போடும். வெளியே வருவது சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இருந்த நாலு வரி காப்பிரைட்டை வெட்டி எறிந்தேன். அந்த அழகுணர்ச்சிதான் வினை.

டாக்ஸிஜென் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது: ஃபில்டர் வரிகளைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் படிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், பெயர்களைப் பொறுக்கும்போதுதான் ஃபில்டர் ஓடும். சோர்ஸ் கோடைப் பக்கத்தில் காட்டும்போது அசல் ஃபைலையே காட்டும். ஃபில்டர் செய்ததில் எட்டாவது வரி, அசலில் பன்னிரண்டாவது வரி. லிங்க்கை அமுக்கினால் அசலின் எட்டாவது வரியில் போய் நிற்கும்.

போன வருஷம் ஜூன் 15. அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குகிற நேரம். பாம்பனில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கி கம்ப்ரஸர் அடிக்கடி நின்று ஓடுகிறது என்று, அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி மறுஸ்டார்ட் தாமதத்தை மூன்று நிமிஷத்திலிருந்து ஐந்தாக்கப் பார்த்திருக்கிறான். ராத்திரி பதினொரு மணி, கையில் போன், போனில் என் டாக்குமென்டேஷன். அந்த ஃபைலில் நாற்பது டைமர், வரிக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே சாயல்: டி_08, டி_09 என்று. லிங்க்கை அமுக்கினான், திரையின் உச்சியில் நின்ற வரியை மாற்றினான். அது நாலு வரி மேலே இருந்த டைமர். உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டார் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கலாம் என்பது அது.

கலக்கல் குறைந்தால் குளிர் தொட்டியில் இருக்கும் எல்லா ஐஸ் டின்னுக்கும் சரியாகப் போகாது. விடிந்து தூக்கிப் பார்த்தால் ஐஸ் பார் வெளியே கண்ணாடி மாதிரி, நடுவில் தண்ணீர். படகுக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். முதலாளி எனக்கே போன் போட்டு, "என்னம்மா, உங்க புக்கைப் பார்த்துத்தான் மாத்துனான்கிறான்" என்றார்.

நான் முதலில் அந்தத் தம்பியைத்தான் திட்டினேன். டைமர் பெயரைக்கூடப் படிக்காமல் மாற்றுவியா என்று கேட்டேன். "அக்கா, நீங்களே வந்து அமுக்கிப் பாருங்க" என்று மட்டும் சொன்னான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல் வண்டி போவதற்காகக் கட்டியது, போட்டோ எடுப்பதற்கு அல்ல. 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுத் தூக்கு ரயில் பாலம் திறந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். வரிசையாகக் காரை நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்துப் படம் பிடிக்கிறார்கள். கச்சான் காற்று ஸ்கூட்டியை அந்தப் பக்கம் தள்ளுகிறது, எதிரே பஸ், நடுவில் இவர்கள். ஊரைப் பார்க்க வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் பிழைப்பில் பாதி அவர்களால்தான். ஆனால் ஆம்புலன்ஸும் அதே பாலத்தில்தான் போக வேண்டும்.

பிளான்ட்டில் அவன் போனை வாங்கி நானே அமுக்கினேன். டி_12-ன் விளக்கம், லிங்க், போய் நின்றது டி_08. எண்ணிப் பார்த்தேன், நாலு. அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

சோர்ஸையும் ஃபில்டர் செய்தே காட்டும் செட்டிங் இருக்கிறதே, அதைப் போட்டால் லிங்க் சரியாகிவிடுமே என்பீர்கள். லிங்க் சரியாகும். ஆனால் திரையில் தெரிவது என் போலி சி++. கன்ட்ரோலருக்குள் அப்படி ஒரு வரியே கிடையாது. தம்பி எதை எதோடு ஒப்பிடுவான்?

வரியைச் சரிசெய்தபோது இன்னொன்றும் கிளம்பியது. ஒரு பிளாக் டாக்குமென்டேஷனில் இல்லவே இல்லை. டாக்ஸிஜெனிடமிருந்து எரர் எதுவும் இல்லை. தேடினால், வேறொரு பிளாக்கில் டிஸ்பிளேயில் காட்டும் ஒரு ஸ்ட்ரிங், 'அலாரம் (*)' என்று. என் ரெகெக்ஸ் அந்த (* குறியைக் கமென்ட்டின் தொடக்கம் என்று நினைத்து, *) தேடியது. அது ஒட்டினாற்போல இல்லையா, (*) என்பதில் நட்சத்திரம் ஒன்றுதானே? அதனால் அடுத்த நிஜக் கமென்ட் முடியும் இடம்வரை போய், நடுவில் இருந்த பிளாக்கை விழுங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் ரெகெக்ஸைத் தூக்கிப் போட்டேன். இப்போது இருப்பது எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஒரு லூப். நான் இப்போது கோடில் இருக்கிறேனா, கமென்ட்டிலா, ஸ்ட்ரிங்கிலா என்று ஒரு மாறி ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது $ வந்தால் அடுத்த எழுத்தைக் கேள்வி கேட்காமல் தாண்ட வேண்டும், ஏனென்றால் இந்த மொழியில் $' என்றால்தான் ஒற்றை மேற்கோள். பேக்ஸ்லாஷ் பழக்கத்தில் எழுதினால் மாட்டுவீர்கள். கமென்ட்டில் ஆழத்தை எண்ண வேண்டும். இந்த மொழிக்கான தரநிலை ஐஇசி 61131-3; அதன் 1993 முதல் பதிப்பில் கமென்ட்டுக்குள் கமென்ட் தவறு, 2013-ன் மூன்றாம் பதிப்பில் அனுமதி. அதே 2013-ல் // வகைக் கமென்ட்டும் வந்தது. உங்கள் கம்பைலர் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் வயிற்றில் இருக்கும் கோடை வெற்றிடமாக்கிவிடலாம். ஆனால் எந்த நிலையில் இருந்தாலும் புதுவரிக் குறி வந்தால் அப்படியே வெளியே விட வேண்டும். காப்பிரைட் வேண்டாமா, நாலு காலி வரியாக விடுங்கள்.

டெஸ்ட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளே போன வரி எத்தனை, வெளியே வந்த வரி எத்தனை. சமம் இல்லையென்றால் பில்ட் நிற்கும். அதோடு மூல ஃபைல்களில் பிளாக் எத்தனை, டாக்குமென்டேஷனில் எத்தனை என்றும் எண்ணுகிறேன்.

இன்னும் இரண்டு. ஃபில்டர் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஃபைல்_பேட்டர்ன்ஸில் உங்கள் எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கவில்லை, அல்லது எக்ஸ்டென்ஷன்_மேப்பிங்கில் அது சி++ என்று சொல்லவில்லை. நான் அரை நாள் தொலைத்த இடம் அது. அப்புறம், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, சி++க்கு உண்டு. பெயர்களை ஒரே மாதிரி ஆக்கி அனுப்பாவிட்டால் பாதி லிங்க் சேராது.

உங்கள் ஃபைல் ஒன்றில் சிக்கலான இருபது வரியை இந்தப் பதிவின் கீழே கமென்ட்டில் போடுங்கள், என் லூப்பில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கம்பெனி ரகசியம் என்றால் பெயர்களை மாற்றிப் போடுங்கள், வரிகளை மட்டும் வெட்டாதீர்கள்.