கேள்வி-பதில்: ‘இஃப்’ சரி, அடுத்த வரி?

இந்த மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் ‘பேசிக்’ என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. வந்த கேள்விகளில் முக்கால்வாசி இஃப் (‘இப்படி இருந்தால்’), கோ-டு (‘இந்த வரிக்குப் போ’) பற்றியவைதான். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் பேசிக்கின் ஒரு வகையான ஜி.டபிள்யூ. பேசிக் முறை.

உறைபனி எச்சரிக்கை எழுதினேன் சார். மைனஸ் 1 கொடுத்தால் ‘உறைபனி’, ‘பயமில்லை’ இரண்டுமே வருகிறது. (பத்தாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி)

நீங்கள் எழுதியது இது (டி என்பது வெப்பநிலை, தென் என்றால் ‘அப்போது’, பிரிண்ட் என்றால் ‘திரையில் காட்டு’):

20 இஃப் டி<0 தென் பிரிண்ட் "உறைபனி"
30 பிரிண்ட் "பயமில்லை"

நிபந்தனை பொய்யானால் 30-க்குப் போகும் என்று நினைத்திருக்கிறீர்கள். போகும்தான். ஆனால் உண்மையானாலும், 20-ஐ முடித்துவிட்டு அதே 30-க்குத்தான் வரும். தடுக்க அங்கே ஒன்றுமில்லையே! இப்படி மாற்றுங்கள்:

20 இஃப் டி>0 தென் 50
30 பிரிண்ட் "உறைபனி"
40 கோ-டு 60
50 பிரிண்ட் "பயமில்லை"
60 எண்ட்

எல்லாரும் விடுவது 40-வது வரியை. அது இல்லாவிட்டால் பழைய கதைதான். ‘எல்ஸ்’ (‘இல்லாவிட்டால்’) போட்டு ஒரே வரியிலும் முடிக்கலாம்.

உங்கள் பழைய வரியில் இன்னொன்றும் இருக்கிறது: சரியாக 0 வந்தால் எச்சரிக்கை வராது. போகட்டும், 0 என்ற எல்லையே எனக்குத் திருப்தியில்லை. தெர்மாமீட்டர் ஆள் உயரத்தில் தொங்குகிறது, தெளிந்த இரவில் தரை அதைவிடக் குளிர்ந்துவிடும். மேலே 2 டிகிரி காட்டும் காலையிலும் புல்தரை வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 0-க்குப் பதில் 3 போடுங்கள்.

தேயிலைக் கொழுந்துக் கணக்கு: மழை நாளில் எடையில் 10 சதவீதம் கழிக்க வேண்டும். வெயில் நாளில் தொகையே வருவதில்லை. (சிறு விவசாயி, குன்னூர்)

40 இஃப் எம்$="ஒய்" தென் கே=கே*0.9 : பிரிண்ட் கே*ஆர்

இதில் எம்$ ‘மழையா?’ என்பதற்கான பதில் (‘ஒய்’ என்றால் ஆமாம்), கே எடை, ஆர் விலை. முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் தென்-னுக்குள்தான் அடக்கம் அண்ணா. மழை இல்லையென்றால் வரி முழுவதையும் தாண்டிவிடும். பிரிண்ட்டை 50-வது வரிக்கு இறக்குங்கள். ‘ஒய்’ என்பதைச் சின்ன எழுத்தில் அடித்தாலும் கழிவு நடக்காது. பேசிக்குக்குப் பெரிய ஒய் வேறு, சின்ன ஒய் வேறு. கொழுந்து போடப் போகும் முன் கையாலும் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்!

வரி எண் ஏன் 10, 20, 30? (கேத்தி)

இடையில் செருகத்தான். இடம் தீர்ந்தால் ‘ரீநம்’ அடியுங்கள், வரி எண்களைப் புதிதாகப் போட்டுத் தரும். கோ-டு போகும் எண்களையும் அதுவே மாற்றிவிடும்.

கோ-டு எழுதினால் கெட்ட பழக்கம் என்கிறார் மகன். நிஜமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊட்டி)

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-இல் கோ-டுவைக் கண்டித்து எழுதிய கடிதத்திலிருந்து வருகிற பேச்சு இது. ஆனால் 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக்கை உருவாக்கியபோது, தென்-னுக்குப் பின்னால் வரி எண் மட்டும்தான் போட முடியும். எல்ஸ் கிடையாது. தாவாமல் எழுத வழியே இல்லை. கீழ்நோக்கி ஒரு தாவல், மேலே சொன்ன 40 மாதிரி, தாராளமாகப் போடுங்கள். பத்துத் தடவை திரும்பச் செய்ய மேல்நோக்கித் தாவுவதுதான் எனக்கும் பிடிக்காது. அதற்கு ஃபார்-நெக்ஸ்ட் இருக்கிறதே. மகனிடம் பாதி ஒத்துக்கொள்ளுங்கள்.

கோ-டுவுக்கும் கோசப்-புக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ‘ரிட்டர்ன் விதவுட் கோசப்’ என்று திட்டு வருகிறது. (கூடலூர்)

சீசனில் குன்னூர் வழியாக ஏறிய வண்டியைக் கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்களே, வந்த வழி திரும்பக் கிடைக்காது. அது கோ-டு. கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வருவது கோசப். கிளம்பிய இடத்தை அது நினைவில் வைத்திருக்கும், ரிட்டர்ன் வந்ததும் அதற்கு அடுத்த கட்டளைக்குத் திரும்பும்.

உங்களுக்குத் திட்டு வரக் காரணம், 200-இல் இருக்கிற துணைநிரலுக்கு முன்னால் எண்ட் இல்லை. வேலை முடிந்த நிரல் அப்படியே வழுக்கி 200-க்குள் இறங்கிவிட்டது. யாரும் அனுப்பாமல் வந்ததால் திரும்ப இடம் தெரியவில்லை. 190 எண்ட் என்று ஒரு வரி போடுங்கள். ரன் கொடுக்கும் முன் சேவ் செய்துவிடுங்கள், இந்த மாதம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.